ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்

வேம்புலிப்பேட்டை ரயில் நிலையத்துக்கும் ஸ்வர்ணமேரு ஸ்கொயருக்கும் நடுவில் பதினாலு கிலோமீட்டர் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பதினாலு கிலோமீட்டரில் ஒரு ரைஸ்மில்லும், அதைத் தாண்டி ஒரு மாதா கோயிலும், அதையும் தாண்டி பேட்டை நகராட்சி தன் குப்பையையெல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற மேடும், அப்புறம் குருவிமேடு என்ற ஊரும், ஊர் முடிகிற இடத்தில் ஊருக்கும் பேட்டைக்கும் பொதுவான சுடுகாடும், சுடுகாட்டுக்குப் பிறகு ஏரிக்கரையும் இருந்தன. கரை இருந்தால் ஏரியும் இருந்திருக்க வேண்டுமல்லவா? இருந்தது. அதற்குள்தான் ஸ்வர்ணமேரு ஸ்கொயரைக் கட்டினார்கள். கீழே இரண்டு தளம் கடைகள், மேலே எட்டுத் தளம் ஆபீஸ்கள், எல்லாவற்றுக்கும் உச்சியில் தகரத்தில் செய்து தங்க வர்ணம் அடித்த ஒரு மலை.

குருவிமேட்டுப் பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவள் கன்னியம்மா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இட்லி அவித்தே ஒரே மகள் ஷர்மிளாவை பி.காம். வரை படிக்க வைத்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பக்கமாகப் போகிற யார் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, இன்னும் எவ்ளோ தூரம் போகணும்?" என்று கேட்டாலும், எங்கே போகிறார்கள் என்றுகூடக் கேட்காமல், கையிலிருக்கிற கரண்டியைக் கீழே வைக்காமல், "இதோ பக்கத்துலதான் சார், அஞ்சு நிமிஷம்" என்பாள். இதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. நாம் எல்லோருமே அப்படித்தான் வழி சொல்கிறோம். வெயிலில் வந்தவனிடம் உண்மையான தூரத்தைச் சொல்லி அவன் வயிற்றில் புளியைக் கரைப்பானேன் என்கிற நல்லெண்ணம்தான். கேட்டவனும் முகம் மலர்ந்து அந்த நிமிடமே கிளம்பிப் போய்விடுவான். இட்லி மட்டும் குண்டானிலேயே இருக்கும்.

ஸ்வர்ணமேருவைக் கட்டி முடித்த பிறகுதான், ஏரிக்குள் கடை வைக்க யாரும் வரமாட்டார்கள் என்பது அதன் முதலாளிக்கு உறைத்தது. உடனே மதனகோபால் என்பவரை மார்க்கெட்டிங் மேனேஜராகப் போட்டார். மதனகோபால் அதற்கு முன்னால் மொட்டைத் தலையில் முடி வளர்க்கும் எண்ணெய் விற்றவர். அவர் தலையில் முடி இல்லை, இருந்தும் விற்றார் என்பதுதான் அவருடைய தகுதி. வந்த முதல் நாளே முதலாளியிடம், "தூரம்னு ஒண்ணு கிடையவே கிடையாது சார். போரடிக்கிறதுக்குப் பேருதான் தூரம்" என்றார். பேட்டை ரயில் நிலையத்திலிருந்து இலவசமாக வேன் விட்டார். வேனின் ஜன்னல்களுக்கு ஊதா நிறத்தில் திரை போட்டார். ஏறிய உடனே ஆளுக்கொரு தம்போலா சீட்டைக் கொடுத்து, மைக்கைப் பிடித்து நம்பர்களைக் கூவ ஆரம்பித்தால், முதல் வரிசையை அடிக்கிறவருக்கு ஒரு ஹாட் பாக்ஸ், முழுச் சீட்டையும் அடிக்கிறவருக்கு ஒரு குக்கர் என்று ஜனங்கள் தலையைக் குனிந்தபடியே பதினாலு கிலோமீட்டரையும் கடந்துவிடுவார்கள். குக்கர் இன்றுவரை யாருக்கும் விழுந்ததில்லை.

பிறகு வரைபடம். விளம்பரத் தாளில் போடுவதற்காக ஓவியர் ரைஸ்மில்லையும் மாதா கோயிலையும் வரைந்து, குருவிமேட்டையும் ஒரு புள்ளியாக வைத்திருந்தார். மதனகோபால் அதைப் பார்த்துப் பதறிப்போனார். குருவிமேட்டை வைத்தால் குப்பைமேட்டை வைக்க வேண்டும், குப்பைமேட்டை வைத்தால் சுடுகாட்டை வைக்க வேண்டும். ஆபீஸ் வாங்க வருகிறவனுக்கு எதற்குச் சுடுகாடு? எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். இந்தக் கோடியில் ரயில் நிலையம், அந்தக் கோடியில் தங்க மலை, நடுவே ஒரு விரல்கடை நீளத்துக்கு மஞ்சள் கோடு, அதன் ஓரத்தில் இரண்டு தென்னை மரம். 'ஐந்தே நிமிடம்!' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு, 'வரைபடம் அளவுப்படி அல்ல' என்பதைக் கீழே எறும்பு மட்டும் படிக்கிற அளவில் போட்டார்.

இந்த வாசகத்தைப் போனில் சொல்வதற்கு நாலைந்து பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அதில் ஷர்மிளாவும் ஒருத்தி. குருவிமேட்டில் பஸ் ஏறி ஏரிக்கரை வளைவெல்லாம் சுற்றி வேலைக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வணக்கம் சார், ஸ்வர்ணமேரு ஸ்கொயர்ல இருந்து பேசறேன். ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில் உங்கள் கனவு அலுவலகம்" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்வாள். மற்றப் பெண்கள் ஐந்து நிமிடம் என்று சொல்லும்போது குரலில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்க்கும். ஷர்மிளாவுக்கு அது வராது. வேறெந்த வார்த்தையாக இருந்தாலும் தொண்டையில் சிக்கியிருக்கும், இது மட்டும் சிக்காது; பிறந்ததிலிருந்து அம்மா வாயால் கேட்டு வளர்ந்தது. எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டு, ஐந்து நிமிடம்தானே என்று நினைத்துக்கொள்வார். ஒருவர் நினைத்தால் பரவாயில்லை. பேட்டையிலும் தாம்பரத்திலும் வேலூரிலும் இருக்கிற ஊர்ப்பட்ட ஜனம் தினமும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் தூரம்தான் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரயிலிலிருந்து இறங்கி வெளியே வந்தவர்கள் கண்ணுக்கெதிரே தங்க மலையைப் பார்த்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டினால் ஒரு மஞ்சள் நிறச் சாலை, அதன் ஓரத்தில் இரண்டு தென்னை மரம், நடந்தால் சரியாக ஐந்து நிமிடத்தில் ஸ்வர்ணமேருவின் வாசல். ஒருவரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. "அதான் அப்பவே விளம்பரத்துல போட்டிருந்தானே" என்றார் நிலையத்து வாசலில் பூ விற்கிறவர். ஷேர் ஆட்டோக்காரர்கள் பழைய கட்டணத்தையே வாங்கினார்கள். தூரம் குறைந்தால் ஆட்டோவின் கெத்து குறைந்துவிடுமா என்று கேட்டார்கள். ஆளுங்கட்சிக்காரர் வந்து, இது எங்கள் ஆட்சியின் சாதனை என்று கல் நாட்டினார். எதிர்க்கட்சிக்காரர் அடுத்த நாளே வந்து, இந்தத் தூரத்தைக் குறைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்ததே நாங்கள்தான் என்று பக்கத்தில் இன்னொரு கல் நாட்டினார். டிவியில் ஒரு பேராசிரியர் பூமிக்கு அடியில் தட்டுகள் நகர்வதைப் பற்றிப் பேசினார், நடுநடுவே ஸ்வர்ணமேரு விளம்பரம் ஓடியது. ஒரே மாதத்தில் கடைகளும் ஆபீஸ்களும் விற்றுத் தீர்ந்தன. நடுவில் இருந்த ஊர் எங்கே என்று மட்டும் ஒரு ஜீவனும் கேட்கவில்லை.

ஊர் இருந்தது. குருவிமேட்டில் சேவல் கூவியது, குழாயில் முறைப்படி தண்ணீர் வரவில்லை, எல்லாம் வழக்கம்போல நடந்தது. பஸ் வரவில்லை, ஆனால் அந்த ஊருக்குப் பஸ் வராதது ஒரு செய்தியா? அன்று பகல் முழுக்க யாரும் எதையும் கவனிக்கவில்லை. அப்புறம் பேட்டைக்குக் கிளம்பிப்போன பால்காரர் ஏசுபாதம், குப்பைமேட்டுப் பக்கம் போனவர் சுடுகாட்டுப் பக்கமாகத் திரும்பி ஊருக்குள்ளேயே வந்தார். சந்தேகப்பட்டு மறுபடி போனார், மறுபடியும் சுடுகாட்டு வழியாகவே வந்தார். "ரோடு சுருண்டுபோச்சுக்கா. எந்தப் பக்கம் போனாலும் நம்ம ஊருதான் வருது" என்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு இட்லியும் தின்றுவிட்டு, விற்காத பாலை ஊருக்கே ஊற்றிவிட்டுப் போனார். ஊர் இதையும் பழகிக்கொண்டது. ஓட்டுக் கேட்க யாரும் வரவில்லை. குப்பை லாரி வரவில்லை, அதனால் ஈ குறைந்தது, குழந்தைகளுக்கு இருமல் நின்றது. இப்படியே இருந்துவிட்டால்கூடத் தேவலாம் என்று சில பேர் சொன்னார்கள். கன்னியம்மா மட்டும் சொல்லவில்லை. அவள் மகள் அந்தச் செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்துப் பஸ்ஸில் வேலைக்குப் போனவள், ரோடு சுருண்டதற்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள்.

ஷர்மிளா வீட்டுக்குப் போக என்னென்னவோ செய்து பார்த்தாள். வேலை முடிந்து வாசலிலிருந்து நடந்தாள், ஐந்து நிமிடத்தில் ரயில் நிலையம் வந்தது. அங்கிருந்து திரும்பி நடந்தாள், ஐந்து நிமிடத்தில் ஸ்வர்ணமேரு வந்தது. மெதுவாக நடந்தாள், கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். ஒரு ஷேர் ஆட்டோக்காரரிடம், "அண்ணா, மாதா கோயிலுக்கு அப்புறம் குருவிமேட்டுல நிறுத்துங்க" என்றாள். "அப்படி ஒரு ஸ்டாப்பிங்கே கெடயாதும்மா" என்றார் அவர். போன வாரம் வரை அதே நிறுத்தத்தில் நின்று, அவளுடைய அம்மாவிடம் இட்லி வாங்கித் தின்ற ஆள்தான். எனக்கு இந்த ஆட்டோக்காரர் மேல்தான் எல்லோரையும் விடக் கோபம் வருகிறது.

மதனகோபாலிடம் அழுதாள். அவர் கைக்குட்டை கொடுத்து, "ஷர்மிம்மா, இதுல ஒரு பாசிட்டிவ் இருக்கு. இனிமே உங்களுக்கு டிராவல் டைமே கிடையாது" என்றார். மூன்றாவது தளத்தில் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு மாதிரி ஆபீஸ் வைத்திருந்தார்கள். அதிலேயே அவளைத் தங்கிக்கொள்ளச் சொன்னார். பிளாஸ்டிக் ஆப்பிளும் உள்ளே காகிதமே இல்லாத ஃபைல்களும் இருந்த அந்த அறையின் சோபாவில் அவள் படுத்துக்கொண்டாள். அம்மாவோடு போனில் மட்டும் பேச முடிந்தது. ஸ்வர்ணமேருவுக்கு சிக்னல் தரும் டவர் குருவிமேட்டுப் பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் இருந்தது. ஊரைத்தான் அழித்தார்களே ஒழிய, டவர் அவர்களுக்கும் வேண்டியிருந்தது.

"சாப்டியாடி?" என்பாள் அம்மா.

"சாப்டேம்மா."

"இன்னைக்கு வந்துடுவியா?"

"வரேம்மா. நாளைக்கு."

தினமும் இதே பேச்சு. கன்னியம்மா தினமும் மகளுக்கென்று நாலு இட்லியை எடுத்து வைத்து, இருட்டியதும் அதை உதிர்த்து உப்புமா ஆக்கித் தானே தின்றாள்.

இதற்கிடையில் நகராட்சிக் குப்பை லாரிகள் குப்பைமேட்டைத் தேடித் தேடிப் பார்த்தன. மேடு இல்லாததால், சாலை எங்கே முடிந்ததோ அங்கே, அதாவது ஸ்வர்ணமேருவின் வாசலிலேயே, பொறுப்பாகக் கொட்டிவிட்டுப் போயின. நாற்றம் பத்தாவது தளம் வரை ஏறியது. மதனகோபால் அசரவில்லை. 'இயற்கை உரப் பூங்கா நுழைவாயிலிலேயே!' என்று அடுத்த விளம்பரத்தில் சேர்த்தார், சதுர அடிக்கு விலையையும் கொஞ்சம் ஏற்றினார். செத்தவர்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். பேட்டைக்காரர்கள் பாடையோடு கிளம்பி, சுடுகாட்டைக் காணாமல், தாரை தப்பட்டையோடு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்கள். செக்யூரிட்டி அவர்களிடம் பார்க்கிங் டோக்கன் கேட்டாராம்.

ஆடி பிறந்ததும் கன்னியம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஊருக்குள் டாக்டர் கிடையாது, பேட்டைக்குப் போக வழி கிடையாது. ஏசுபாதத்தின் மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். "ஒண்ணுமில்லடி, சும்மா ஒடம்பு வலி" என்று கன்னியம்மா போனில் சொன்னாள், ஆனால் ஒவ்வொரு நாளும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அம்மா செத்துப்போனால்கூடத் தனக்குச் சேதி மட்டும்தான் வரும், தன்னால் போக முடியாது என்பது ஷர்மிளாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கனவு அலுவலகங்களை விற்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளியே பெண்கள் பேசுவதைக் கேட்க வந்திருந்தார். மதனகோபால் பெருமையாக ஷர்மிளாவின் பக்கத்தில் அவரை உட்காரவைத்து, அவர் காதிலும் ஒரு ஹெட்போனை மாட்டினார். இரண்டாவது வளாகம் கட்ட அடுத்த ஏரியைப் பார்த்து வைத்திருந்தார்கள், அதையும் இவள் குரலாலேயே விற்றுவிடலாம் என்பது திட்டம். நம்பரைக் கம்ப்யூட்டரே போட்டுத் தரும்; யாருக்குப் போகும் என்று அதற்குத்தான் தெரியும். மணி அடித்தது, எடுத்தார்கள். ஷர்மிளா வழக்கமான குழைவோடு தொடங்கினாள்.

"வணக்கம் மேடம், ஸ்வர்ணமேரு ஸ்கொயர்ல இருந்து பேசறேன். ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில்..."

"யாரு, பாப்பாவா?" என்றது எதிர்முனை.

அம்மாவின் குரல். மதனகோபால் மேஜையைத் தட்டி, மேலே சொல்லு என்று ஜாடை காட்டினார். முதலாளி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள், "ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில் உங்கள் கனவு அலுவலகம் மேடம்" என்றாள்.

கன்னியம்மா கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு, கோபமாகக்கூட இல்லாமல், தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "ஏண்டி, அங்கேர்ந்து இங்க அஞ்சே நிமிஷம்னா, நடுவுல நான் எங்கடி இருக்கேன்?"

ஷர்மிளா அழவில்லை. மதனகோபால் கொடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் இல்லம்மா" என்றாள். "பதினாலு கிலோமீட்டர். ஸ்டேஷன்ல எறங்குனா சைக்கிள் ஸ்டாண்டு. அதத் தாண்டுனா ரைஸ்மில்லு, அங்க தவிடு பறந்து கண்ணுல விழும். அப்புறம் மாதா கோயிலு, அங்க பஸ்ஸு ரொம்ப நேரம் நிக்கும், கண்டக்டர் டீ குடிக்கப் போயிடுவாரு. அப்புறம் குப்பமேடு, எல்லாரும் மூக்கப் பொத்திக்குவாங்க. அதுக்கப்புறம் நம்ம ஊரும்மா. நம்ம ஸ்டாப்பிங்கு, நம்ம கட, கடயில நீ இருக்க. அதத் தாண்டி சுடுகாடு, அப்பாவ வெச்ச எடம். அப்புறம் ஏரிக்கர, மூணு வளைவு, மழ பெஞ்சா வண்டி சறுக்கும். அதுக்கப்புறம்தான் இந்த எழவெடுத்த பில்டிங்கு."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அது அது அங்கங்கே வந்து நின்றது. மஞ்சள் சாலை சோம்பல் முறித்துக்கொண்டு நீண்டது. ரைஸ்மில் சங்கு ஊதிக்கொண்டு வந்தது, மாதா கோயில் மணியடித்துக்கொண்டு வந்தது, வாசலில் குவிந்திருந்த குப்பை எழுந்து தன் மேட்டுக்குப் போயிற்று. ஜன்னலில் தெரிந்த ரயில் நிலையம் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தது. ஆபீஸிலிருந்து இறங்கி ஸ்டேஷன் வாசலில் சமோசா வாங்கி வரலாம் என்று போன ஒரு கணக்கர், கையில் சில்லறையோடு சுடுகாட்டு நடுவில் நின்றார். இரண்டு தென்னை மரங்கள் மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தயங்கி, கடைசியில் ஆளுங்கட்சிக் கல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன.

முதலாளி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மதனகோபாலைப் பார்த்து, "இந்தப் பொண்ணும் வேணாம், நீயும் வேணாம்" என்றார். ஷர்மிளா அதைக் கேட்க அங்கே இல்லை. லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் இறங்கி, ஏரிக்கரையில் ஓடி, மூன்று வளைவையும் தாண்டி, சுடுகாட்டருகே கால் வலித்து உட்கார்ந்து, கால் வலிக்கிறதே என்று சந்தோஷத்தில் அழுதாள். அன்றைக்கே ஏசுபாதத்தின் வண்டியில் அம்மாவைப் பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழி நெடுகக் குண்டும் குழியுமாக இருந்தது. கன்னியம்மா ஒவ்வொரு குழிக்கும் "அம்மாடி" என்றாள், ஷர்மிளா ஒவ்வொரு குழிக்கும் நன்றி சொன்னாள்.

ஆனால் ஸ்வர்ணமேருவில் கடை வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் முதலாளியைப் பிடித்துக் கேட்கவில்லை. அவர் அடுத்த ஏரியில் பூமி பூஜையில் இருந்தார். சங்கம் அமைத்து, ஐந்து நிமிடப் பாதையின் குறுக்கே இந்த ஊர் யாரைக் கேட்டு வந்தது என்று மனுக் கொடுத்தார்கள். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து, மேற்படி பாதையில் பதினாலு கிலோமீட்டரை அனுமதியின்றி ஆக்கிரமித்துள்ள குருவிமேடு ஏன் அகற்றப்படக் கூடாது என்று விளக்கம் கேட்டு, கன்னியம்மா கடைத் தூணில் நோட்டீஸ் ஒட்டினார். ஒட்டுவதற்குப் பசை போதாமல் அவளிடமே கொஞ்சம் இட்லி மாவு வாங்கிக்கொண்டார்.

புரட்டாசியில் கன்னியம்மா எழுந்து உட்கார்ந்து கடையைத் திறந்தாள், ஷர்மிளா பக்கத்தில் நின்று மாவு ஊற்றினாள். அப்படி ஒரு காலையில், ஊதாத் திரை போட்ட வேன் ஒன்று கடைக்கு முன்னால் வேகத்தடையில் ஏறி இறங்கியது. உள்ளே மைக்கில், "நம்பர் இருபத்தி ரெண்டு! ரெண்டு வாத்து!" என்று தம்போலா நம்பர் கூவும் குரல். மதனகோபாலேதான். விரட்டிய முதலாளியே அடுத்த ஏரிக்காக மறுபடி கூப்பிட்டுக்கொண்டார். அவர் மாதிரி ஆட்களைக் கைவிட்டுவிட முடியுமா? ஒரு பெரியவர் தம்போலாச் சீட்டைக் கையில் வைத்தபடியே திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

"ஏம்மா, சைட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

காய்ச்சல் போனாலும் பழக்கம் போகவில்லை. கன்னியம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், "இதோ பக்கத்துலதான் ஐயா, அஞ்சு..." என்றாள்.

சாலை லேசாகச் சுருங்கியது. ஏரிக்கரைக்குப் பின்னால் தகர மலை ஒரு முழம் முன்னால் வந்து எட்டிப் பார்த்தது. ஏசுபாதம் வண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். ஷர்மிளா மாவுக் கையாலேயே பாய்ந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"சைட்டுக்கு இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர் சார்!" என்று கத்தினாள். "ரோடு படுமோசம். ஏரிக்கரையில மூணு வளைவு, அடுத்த ஏரிக்கு இன்னும் ரெண்டு வளைவு. நெழலே கெடயாது. அங்க போனா குடிக்கத் தண்ணிகூட இருக்காது."

சாலை பழையபடி நீட்டிப் படுத்தது. பெரியவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, "பதினஞ்சு கிலோமீட்டராம்ப்பா!" என்றார். மைக் நின்றது. திரைகள் ஒவ்வொன்றாக விலகின. ஜனங்கள் முதல் தடவையாகத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று வெளியே பார்த்தார்கள்.

"அவ்வளவு தூரமா? அப்ப இங்கயே எதையாவது சாப்ட்டுட்டுப் போயிடலாம்" என்றது ஒரு குரல்.

வேன் மொத்தமும் இறங்கியது. குண்டானில் இருந்தது போதாமல் நேற்றைய இட்லியையும் கேட்டு வாங்கித் தின்றார்கள். கடைசியாக மதனகோபால் இறங்கி வந்து, ஷர்மிளாவின் முகத்தைப் பார்க்காமல், மைக் இல்லாத சின்னக் குரலில், "ரெண்டு இட்லி" என்றார்.

கன்னியம்மா வாயோரத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைக்காமல் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி" என்றாள் மெதுவாக. "இத்தினி வருசமா அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு சொல்லி, வந்தவங்களயெல்லாம் நானேதாண்டி தொரத்தி வுட்டிருக்கேன்."

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்த ஈட்டுக்கு மாவை ஊற்றினாள்.